வலது இடுப்பில் தொங்கிய வாள்

அன்று காலை நான் முதலில் கவனித்தது தையற்கடையை மூடியிருந்த பலகைகளைத்தான். எண் போட்ட அந்தப் பலகைகளில் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே ஏழு நின்றது. அருள்சாமி மாஸ்டர் கடை அடைக்கிற வேலையை யாரிடமும் விட்டதில்லை. யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று தயங்கி நின்றேன். எதிர் சைக்கிள் கடைக்காரர் வந்தார்.

"நான்தான் மாட்டினேன் பாப்பா. ராத்திரி அடைக்கும்போதே நெஞ்சு வலின்னு பாதியில போனாரு. விடியக்காலம் முடிஞ்சிருச்சு."

அரியலூரில் அவரிடம் தைத்தவர்களுக்குத் தெரியும், அவர் எதையும் நம்பமாட்டார். "போன வாரம்தானே அளவெடுத்தீங்க?" என்றால், "அதுக்கப்புறம் நீங்க சாப்பிடவே இல்லீங்களா?" என்று டேப்பை எடுப்பார்.

எட்டாம் வகுப்போடு நின்ற நான் அங்கே பட்டனுக்குத் துளை வெட்டிக் காஜா எடுத்தேன். ஒருமுறை ஆண் சட்டைக்கு ரவிக்கை போல வலப்பக்கம் எடுத்துவிட்டேன். "இன்னொரு தடவ பக்கம் மாறுச்சு, வூட்டோட இருந்துக்க" என்றார். வீட்டோடு இருந்தால் மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள்.

அதன்பின்தான் பெரம்பலூர் பள்ளிக்கூடத்து சார் ஒருவர், நாடகத்துக்கு உடுப்பு தைக்கப் புத்தகம் ஒன்றோடு வந்தார். முந்நூறு வருடத்துக்கு முந்தைய இங்கிலாந்து ஆண்கள். செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்த படங்கள். தோளை மூடும் லேஸ் காலர், முழங்காலில் நாடா கட்டிய கால்சட்டை, இறகு வைத்த தொப்பி.

மாஸ்டர் முகம் சுளித்தார். "செதுக்கினவன் தையக்காரன் இல்ல சார். முதுகுத் தையலைக் காட்டவே மாட்டேங்குறான். காஜாவும் பொம்பளைப் பக்கம் இருக்கு."

"அந்த ஊர்ப் புத்தகமே தப்பா இருக்குமா? படத்துல உள்ளபடி தைங்க."

திருச்சியிலிருந்து வந்த வெல்வெட்டு ஒரே துண்டு. காஜா வெட்டிவிட்டால் வெட்டியதுதான். வெட்டப்போவது நான்.

படத்தில் எல்லோருக்கும் வாள் வலது இடுப்பில் தொங்கியது. அத்தனை பேருமா இடக்கைக்காரர்கள்? புத்தகத்தை எடுத்து ஆளுயரக் கண்ணாடிக்கு நேரே பிடித்தேன். வாள் இடது இடுப்புக்குப் போனது. காஜாவும் இடப்பக்கம் போனது.

"யாரு சொல்லிக் குடுத்தா?" என்றார் மாஸ்டர்.

"யாருமில்ல மாஸ்டர். பக்கத்து அச்சாபீஸ் பிளாக்குல எழுத்தெல்லாம் திரும்பித்தானே இருக்கு? இந்தப் படத்தைச் செதுக்குனவரு நேரா செதுக்கிட்டாரு போல. அச்சுல பக்கம் மாறிப்போச்சு."

அவர் நம்பவில்லை. எழுந்து அச்சாபீசுக்குப் போனார். திரும்பும்போது கட்டைவிரலில் மை இருந்தது.

"இடப்பக்கம் எடு" என்றார். ஊசியில் நூல் கோப்பதற்குள், "எடுத்ததும் கொண்டாந்து காட்டு" என்றார்.

இன்று காலை பலகைகளின் முன் நின்றிருந்தபோது மாஸ்டரின் மகன் வந்தார். அடக்கத்துக்கு மாஸ்டருக்குப் போடப் புதுச் சட்டை வேண்டும். "அப்பாவோட சட்டை, இந்த அளவுக்கே தச்சுடு பாப்பா" என்று நீட்டினார். அது கிறிஸ்துமஸுக்குத் தைத்தது. அதற்குப் பிறகு மூன்று மாத இருமலில் மாஸ்டர் பாதியாக இளைத்திருந்தார்.

ஆண்களை நான் அளந்ததே இல்லை. ஆனால் அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்த நம்பாத குணம் ஒன்றுதான். ஏழாம் பலகையை நகர்த்தி உள்ளே போய், டேப்பை எடுத்துக்கொண்டு, மாஸ்டரை அளக்க மகனுக்குப் பின்னால் அவர் வீட்டுக்கு நடந்தேன்.