முறை சொல்லும் சுகமதி

பஸ் நாகமலைப் புதுக்கோட்டையை நெருங்கும்போதே சுகமதி விரல் எண்ண ஆரம்பித்துவிடுவாள். எண்ணுவது மடியில் கிடக்கும் ஒன்பது மாதப் பிள்ளையின் விரல்களை. "இது பெரியப்பா. இது சித்தப்பா. இது மாமா. இது… இருப்பா, மறந்துபோச்சு." பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் கூச்சமில்லாமல் கேட்பாள்: "அக்கா, வீட்டுக்காரரோட சித்தப்பா மகன் எனக்கு என்ன வேணும்?" பாதி பஸ் பதில் சொல்லும்.

ஜார்க்கண்டில் குந்தி பக்கம் ஒரு முண்டா பழங்குடிக் கிராமத்துப் பெண். பெயர் சுக்மதி, மதுரை வாயில் அது சுகமதி ஆகிவிட்டது. கப்பலூர் தையல் கம்பெனிக்குத் துணியில் நூல் பிசிறு வெட்ட வந்தவள், இஸ்திரி மேசையில் நின்ற தவசியைக் கட்டிக்கொண்டாள். தமிழும் அந்த மேசையைச் சுற்றிக் கற்றதுதான். அதனால் 'கொஞ்சம்' என்ற சொல்லே அவளிடம் கிடையாது, 'இம்புட்டு'தான். தேநீரில் சர்க்கரைக்குப் பதில் உப்பு போட்டுக் குடிப்பாள். பிள்ளையை இடுப்பில் வைக்க வரவே வராது. முதுகில் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு கைவீசி நடப்பாள். "மூட்டை வருது" என்று தவசியின் ஊரான கீழக்குயில்குடியில் தெருவே சிரிக்கும். "ஆமா, விக்கிறதுக்கு இல்ல" என்பாள்.

மாதத்தில் இரண்டு ஞாயிறு கப்பலூரிலிருந்து அந்த ஊருக்கு இந்தப் பயணம். தவசிக்கு வேலை இருந்தால் தனியாகவே கிளம்பிவிடுவாள். "எங்க ஊருல பிள்ளை பொறந்தா ஊரே தூக்கும். இங்க நான் கொண்டுபோய்க் காட்டுனாத்தேன தூக்குவாக?"

ஒரு வாசலை மட்டும் அவள் மிதித்ததில்லை. தவசியின் அத்தை ஜெயக்கொடியின் வீடு அது. மகள் கனகாவைத் தவசிக்குத்தான் கொடுப்பதென்று இருந்தவள். கனகா திருமங்கலத்தில் வேறொருவரைக் கட்டிக்கொண்டு நன்றாகவே இருக்கிறாள். அம்மாவுக்குத்தான் ஆறவில்லை. "அந்தப் பக்கம் போகாத" என்று தவசி சொல்லிவைத்திருந்தான்.

பங்குனியில் ஒரு ஞாயிறு, அவனிடம் சொல்லாமலே போனாள். ஜெயக்கொடி முற்றத்தில் புளி தட்டிக்கொண்டிருந்தாள். 'வா' என்று சொல்லவில்லை.

"யாரு கூப்பிட்டா?"

"யாரும் கூப்பிடல பெரிம்மா. நானாத்தேன் வந்தேன்."

"பெரிம்மாவா? அவன் என்னைய அத்தைம்பான்."

"அவருக்குத்தேன் அத்தை. மாமனாருக்கு அக்கான்னா எனக்குப் பெரிம்மா. நாலு பேருட்ட கேட்டுட்டுத்தேன் வாரேன். கனகா எனக்கு அக்கா."

ஜெயக்கொடி மறுபடி புளி தட்ட ஆரம்பித்தாள். சுகமதி முதுகுத் துணியை அவிழ்த்துப் பிள்ளையை இறக்கிவிட்டு, தன் பக்கமாய் ஒரு கை புளியை இழுத்துக் கொட்டை எடுக்க உட்கார்ந்தாள். 'போ' என்று ஒரு சொல் வந்தால் எழுந்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். அந்தச் சொல் வரவில்லை.

பிள்ளை தவழ்ந்துபோய், கொட்டை எடுத்த புளியில் கையை அளைந்து வாயில் வைத்தது. முகம் கோணியது, கண் இறுக மூடியது, உடம்பு ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்தது. பிறகு மறுபடியும் கையை நீட்டியது.

ஜெயக்கொடி அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்பன் மாதிரியே. அவனும் இப்படித்தேன், அழுதுக்கிட்டே திம்பான்." வாரி மடியில் போட்ட பிள்ளையை அவள் மதியம்வரை இறக்கவில்லை. சுகமதிக்குச் சோறும் கருவாட்டுக் குழம்பும் வந்தன. "இன்னும் இம்புட்டு" என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

கிளம்பும்போது ஜெயக்கொடி தெருவரை வந்தாள். "நில்லு. காலையிலருந்து பாத்துக்கிட்டே இருந்துட்டேன். என் கண்ணே பட்டுரும்." குனிந்து தன் காலடி மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து, முதுகிலிருந்த பிள்ளையின் தலையைச் சுற்றினாள். ஒரு சுற்று முடிந்ததும் கை நின்றது. பிறகு ஓர் எட்டுப் பின்னால் போய், தாயும் உள்ளே வரும்படி கையை அகல விரித்து, மீதி இரண்டு சுற்றையும் சுற்றினாள்.