பாடகனின் குதிகால்

கழற்றி வைத்த லாரிச் சக்கரத்தை அத்தான் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் காதைச் சாய்க்கிறார். "காத்து கம்மி." மீட்டரும் அதையேதான் சொல்கிறது, கொஞ்சம் தாமதமாக. அவர் வேலை பார்க்கும் டயர் கடையின் முதலாளிக்கு இதில் பெருமை. என் அக்காவுக்கு எரிச்சல். குளியலறை வாளி, சாப்பாட்டு மேசை, தூங்கும் குழந்தையின் முதுகு என்று எதையும் அவர் விட்டுவைப்பதில்லை.

"கைக்குக் கொஞ்சம் லீவு குடுங்களேன்."

"குடுத்தா அது வேற வேலை தேடிப் போயிடும்."

வாரக் கடைசியில் அத்தான் ஒரு ராக் குழுவின் டிரம்மர். வயது நாற்பத்திரண்டு; தொப்பைக்கு இன்னும் கூட இருக்கும். பதினைந்து வருடமாகப் பாடகனின் பின்புறத்தைப் பார்த்தே வாசிக்கிறார்.

குழுவின் வளர்ச்சிக்குப் பாடகனின் தோரணைதான் காரணம் என்று பத்திரிகைகள் எழுதித் தள்ளிவிட்டன. வலது காலில் நின்று, இடது காலைப் பின்னால் மடக்கி, முன்னே சாய்ந்து பாடுவான். சுவரொட்டியில் அதுதான், பனியனிலும் அதுதான். ரசிகர்கள் வைத்த பெயர் 'கொக்கு'. ஊரில் பிடிவாதக்காரர்கள் ஒற்றைக்காலில் நிற்பார்கள்; இவனுக்குப் பிழைப்பே அதுதான்.

அந்தத் தோரணை பிறந்த கதை ரொம்பச் சாதாரணம். ஆரம்பத்தில் கிடைத்ததெல்லாம் வழுக்குத் தரை மண்டபங்கள். அத்தான் பெடலை மிதிக்கிற மிதியில் பெரிய டிரம் அங்குலம் அங்குலமாக முன்னால் ஊரும். பாடிக்கொண்டே கொக்கு அதற்குக் குதிகாலால் முட்டுக்கொடுப்பான்.

"நான் ஒதைக்கிறேன், அவன் தடுக்கிறான். இதுல என்னம்மா ஸ்டைலு? ஊரெல்லாம் சுத்திட்டு வந்தவ, நீயே சொல்லு" என்பார் என்னிடம்.

போன மாதம் முதல் பெரிய அரங்கு. பாடகனுக்குப் பின்னால் அத்தானுக்கென்றே ஆள் உயர மேடை, தனி விளக்கு. ஏறி உட்கார்ந்து அக்காவுக்குப் படம் அனுப்பினார்: 'இன்னிக்கு என் மூஞ்சி தெரியும்.'

ஒத்திகை தொடங்கியது. கொக்கு காலை மடக்கினான். குதிகாலுக்கு வெறும் காற்றுதான் கிடைத்தது. தள்ளாடினான், இரண்டாவது வரியிலேயே தாளம் விட்டது. மூன்று பாட்டும் அப்படியே. நிகழ்ச்சி மேனேஜர் கைபேசியை எடுத்தார்.

"இன்னும் ஒரே தடவை. தேறலன்னா வேற குழுவைக் கூப்பிடுவேன்."

ஆளாளுக்குத் தொண்டைக்கு வைத்தியம் சொன்னார்கள். கொக்கு நான்கு டம்ளர் வெந்நீர் குடித்தான். உயரத்தில் இருந்த அத்தான் விளக்கை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். பிறகு மூச்சு வாங்க இறங்கி வந்தார்.

"டேய், குரல் எங்கேருந்துடா வருது உனக்கு?"

"அடிவயித்துலேருந்துண்ணே."

"மண்ணாங்கட்டி. தள்ளி நில்லு."

டிரம்மைக் கட்டிப்பிடித்து ஒவ்வொரு படியாக இறக்கினார்.

"அண்ணே, அந்த லைட்டு உங்களுக்குன்னே போட்டது" என்றார் மேனேஜர்.

"அணைச்சிடுங்க. கரண்டாவது மிஞ்சும்."

பாடகனுக்கு ஒரு முழம் பின்னால் டிரம்மை வைத்தார். தொப்பை இடிக்கக் குனிந்து, அது நகராதபடி தரையைக் கவ்வும் இரண்டு இரும்புக் கால்களையும் மேலே மடக்கிவிட்டார்.