ரேஷன் அரிசியின் மேல் பழி

யுத்த காலத்தில் மயிலாப்பூரில் யாருக்கு வயிற்றைப் புரட்டினாலும் ரேஷன் அரிசியின் மேல்தான் பழி. நானோ ஏப்பம் வந்தாலே டாக்டரிடம் ஓடுவேன்.

“மறுபடியும் ஏப்பமா? ஓமத்தண்ணி குடி, போதும்,” என்றார் அவர் ஒருநாள்.

“அண்ணனும் அதே அரிசிதான் சாப்பிடுது சார். கொஞ்ச நாளா வெளிக்குத் தார் மாதிரி கறுப்பாப் போவுது, படியேறினா மயக்கம் வருது. ஆனா என்னை மாதிரி புலம்பறதில்ல.”

டாக்டர் எழுந்துவிட்டார். “உள்ளே ரத்தம் கசியறதுய்யா! இப்பவே ஆஸ்பத்திரிக்கு அழைச்சிண்டு போ.”

அண்ணன் ரிக்‌ஷாவில் ஏற மறுத்தார். “உனக்கு ஏப்பம், எனக்கு ஆஸ்பத்திரியா? இன்னா நியாயம்டா இது?”

இழுத்து ஏற்றினேன். இரைப்பையில் புண், தாமதித்திருந்தால் பிழைத்திருக்கமாட்டார் என்றார்கள் ஆஸ்பத்திரியில். அதன்பிறகு வீட்டில் யாராவது வெளிக்குக் கறுப்பாகப் போகிறது என்று சொன்னால் நான் காரணம் ஆராய்வதில்லை; வண்டி கூப்பிடுவேன்.