புழுதிக்குள் போன மகள்

பாரிஸின் லா சப்பலில் மெட்ரோப் பாலத்துக்கு அருகிலுள்ள ஒரு சலூனில், ஈழத்துக்காரர் ஒருவரிடம் ஒரே ஒரு முறை முடி வெட்டிக்கொண்டேன். ஒல்லியான மனிதர். பேசத் தொடங்கினால் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு, இடது கையால் நம் தலையைப் பிடித்துக்கொள்வார்.

சுவரில் செம்பாறைகளின் படம் ஒன்று இருந்தது. எந்த இடம் என்று கேட்டேன்.

“அமெரிக்காவிலை, நவாஹோ பழங்குடி ஆக்களின்ரை காணி தம்பி. உயரத்திலை இருக்கிற பாலைவனம். மகளுக்குக் கூடாரம் அடிச்சுத் தங்கிற விசர். என்னையும் இழுத்துக்கொண்டு போனவள்.”

அங்கே ஒரு மாலை மகள் பாறைப் பக்கம் நடக்கப் போயிருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் புழுதிக்காற்று எழுந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. போனில் சிக்னல் இல்லை. அக்கம்பக்கத்தில் ஒரு வீடுகூட இல்லை. தேடிப் போனால் தானும் வழி தவறிவிடலாம். போகாவிட்டால் மகளுக்கு என்ன ஆகுமோ. கூடாரக் கயிற்றைப் பிடித்தபடி அவள் பெயரைக் கத்திக்கொண்டே நின்றிருக்கிறார்.

“என்ரை சத்தம் எனக்கே கேக்கேல்லை.”

அந்தக் கயிற்றைப்போல என் தலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

காற்று அடங்கிய பிறகுதான் மகள் வந்தாளாம். பாறை இடுக்கில் ஒதுங்கியிருந்தவள், என்ன அழகு என்று பிரெஞ்சில் சொல்லிச் சிரித்தாளாம். இவர் மணலில் உட்கார்ந்து அழுதிருக்கிறார்.

“இனி அந்தப் பக்கமே போகமாட்டியள், என்ன அண்ணை?”

“வாற கோடைக்கும் போறம். நான் மாட்டன் எண்டால் அவள் தனியப் போயிடுவாள். இஞ்சை இருந்து பயப்பிடுறதுக்கு, அங்கை நிண்டு பயப்பிடலாம் தம்பி.”

அந்தக் கோடை முழுவதும், என் வீட்டு ஆள் யாரோ அங்கே நிற்பதுபோல எனக்கும் பயமாகவே இருந்தது.