பூட்டிய வீட்டில் சுடுசோறு

வீட்டை வாடகைக்கு விடுவதென்று முடிவான அன்று அப்பா வெற்றுப் பால்மா டின்களைக் கழுவிக் காயவைத்தார். ஓடு மாற்ற ஒன்று, தண்ணீர் மோட்டாருக்கு ஒன்று, வெள்ளையடிக்க ஒன்று, திருத்த வேலைக்கு எடுத்த வங்கிக் கடனுக்கு ஒன்று. வீடு சும்மா கிடக்கும் மாதங்களுக்கென்றும் ஒன்றை ஒதுக்கினார். துறைமுகக் கந்தோரில் கணக்கெழுதுகிறவர். "எதிர்பாராத செலவு எண்டு ஒண்டில்லை, யோசியாத செலவுதான்" என்பார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை.

அந்த வீடு அப்பாவின் கந்தோருக்குப் பக்கத்து ஒழுங்கையில் இருந்தது. எங்கள் ஊர்ப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். இது அம்மாவின் தங்கச்சிக்குச் சீதனமாகக் கட்டியது. சண்டைக் காலத்தில் ஒரு காலை வேலைக்குப் போன சித்தி திரும்பி வரவில்லை. நான் அவரைப் படத்தில்தான் கண்டிருக்கிறேன். வாடகைப் பேச்சு வந்தபோது அம்மா ஓம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அப்பா அதை ஓம் என்று எடுத்துக்கொண்டார்.

முதலில் குடிவந்தவர்கள் ஓர் ஆசிரியத் தம்பதி. ஒருநாள் மத்தியானம் அந்த அக்கா தலையிடியென்று நேரத்தோடு வீடு திரும்பியிருக்கிறார். பூட்டிய வீட்டுக்குள், குசினி மேசையில், மூடிய தட்டொன்றில் சோறும் பருப்பும் மீன்பொரியலும். "கையை வச்சுப் பார்த்தனான் அண்ணை, சுடுகுது" என்று எங்கள் வாசலில் நின்று சொன்னார். அந்த வாரமே போய்விட்டார்கள். அடுத்து வந்த குடும்பமும் அப்படியே. பிறகு ஒருவரும் வரவில்லை. சும்மா கிடக்கும் மாதங்களுக்கான டின் காலியாகி, கடன் டின்னிலும் அடி தெரிந்தது. இப்படியே போனால் வீட்டை வங்கி எடுத்துவிடும் என்று அப்பா சாப்பாட்டில் கைவைக்காமல் இருந்தார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், அம்மா சந்தைக்குப் போயிருந்த நேரம், அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு அங்கே போனார். வாசல் படலையில் மான்கள் நின்றன. திருகோணமலையில் மான் தெருவில் நிற்பது புதினமில்லை. ஆனால் இவை எங்களைக் கண்டும் அசையவில்லை. பூட்டிய கதவையே பார்த்துக்கொண்டு நின்றன. உள்ளே கிணற்றடி ஈரமாக இருந்தது. மேசையில் தட்டு. அப்பா மூடியைத் தூக்க, ஆவி எழுந்தது. பயத்தில் அவர் கையைப் பிடித்தேன். அது என் கையைவிடக் குளிர்ந்திருந்தது. அன்றிரவு வீட்டிலும் பருப்புத்தான். எனக்கு இறங்கவில்லை.

வெள்ளையடிக்க வைத்த காசில் அப்பா கழிப்புச் சடங்குக்கு ஆள் பிடித்தார். பேய் கலைக்க வந்தவர் நீற்றுப்பூசணியும் தேசிக்காயும் பரப்பிவிட்டு, "செத்த ஆளின்ர பேரைச் சொல்லுங்கோ" என்றார். அப்பா வாயைத் திறந்தார். பின்னால் நின்ற அம்மா முன்னே பாய்ந்து தேசிக்காய்களைத் தட்டிவிட்டார்.

"என்ர தங்கச்சி செத்துப்போனாள் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது? அவள் பசியோட வந்து நிண்டா, வீட்டில வேற ஆக்கள் இருந்தா, எங்க போவாள்?"

சேலைத் தலைப்பு முடிச்சை அவிழ்த்துக் காட்டினார். அதில் அந்த வீட்டின் இன்னொரு சாவி இருந்தது.

அப்பா, கழிப்புக்கு வந்தவருக்குப் பேசிய காசைக் கொடுத்து அனுப்பினார். தன் மோட்டார் சைக்கிளை விற்றுக் கடனை அடைத்தார். வாடகைப் பேச்சு அதோடு முடிந்தது.

அம்மா மத்தியானத்தில் சோறு வைப்பது மட்டும் நிற்கவில்லை. அதுவரை வைத்த சோறு பின்னேரம்வரை அப்படியே இருக்குமாம். எடுத்து மான்களுக்குப் போடுவாராம். கழிப்பு நின்ற மறுநாள் பின்னேரம் நானும் கூடப் போனேன். தட்டு கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. ஒரு பருக்கை இல்லை. அம்மா அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டார். அதற்குப் பிறகும் தட்டு அப்படித்தான் கிடைத்தது. சித்தி உள்ளே இருக்கிறார் என்று நான் முழுதாக நம்பினேன். அந்த ஒழுங்கையில் தனியே கால்வைக்க மாட்டேன்.

அந்த நாள்களில்தான் அப்பா கந்தோருக்குச் சோற்றுப் பார்சல் கொண்டுபோவதை நிறுத்தினார். கன்ரீனில் சாப்பிடுகிறேன் என்றார். இந்தப் புதுச் செலவை எந்த டின்னிலிருந்து எடுக்கிறார் என்று நான் களவாகத் திறந்து பார்த்தேன். எந்த டின்னிலும் காசு குறைந்திருக்கவில்லை.