ஆயிரத்து எண்ணூறு மைல்

மெர்டேக்கா என்று நாடு சுதந்திரம் பெற்ற அடுத்த மாதம். எங்கள் காஜா பேராங் பகுதிக் கடைகளில் கொடிகளை இன்னும் இறக்கியிருக்கவில்லை. ஒரு முற்பகலில் நாகப்பட்டினத்திலிருந்து மாமாவின் தந்தி வந்தது: ‘தாயார் சீரியஸ். உடனே புறப்படவும்.’ அம்மா அந்த வருடத் தொடக்கத்தில்தான் தன் தம்பி வீட்டில் சில மாதம் இருந்துவிட்டு வரப் போயிருந்தார்.

நான் அட்லஸைத் திறந்தேன். சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் நடுவே நூல் வைத்து அளந்தால் ஏறக்குறைய ஆயிரத்து எண்ணூறு மைல். விமானத்தில் ஏழெட்டு மணி நேரப் பயணம். வழியில் மூவார், பத்து பகாட் ஊர்களின் ஆறுகளில் காரைப் படகில் ஏற்றி இறக்கினாலும் இரவுக்குள் சிங்கப்பூர் சேரலாம். மறுநாள் விமானம் இருந்தது. சென்னையில் ரயில் பிடித்தால் அதற்கடுத்த காலை அண்ணன் அம்மாவின் பக்கத்தில் இருப்பார்.

அண்ணன் நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுத் தந்தியை மடித்தார்.

“சீரியஸ்னு அடிச்சா என்ன அர்த்தம்னு ஒனக்குத் தெரியாதா தங்கச்சி? அப்பாவுக்கு நாம என்ன அடிச்சோம்?”

அப்பாவை எரித்துவிட்டு வந்து மாமாவுக்கு ‘சீரியஸ்’ என்றுதான் தந்தி கொடுத்திருந்தோம். எங்களில் யாரும் சாவைச் சாவென்று தந்தியில் எழுதுவதில்லை. படிப்பவர் மனம் தாங்காது என்பார்கள். மாமாவும் அப்படித்தான் செய்திருக்கிறார் என்று வீடே நம்பியது. பக்கத்து வீட்டார் துக்கம் கேட்க வந்தார்கள். ஊரில் உடலை அன்றே எடுத்துவிடுவார்கள். எந்த விமானத்தில் போயும் முகம் பார்க்க முடியாது. அண்ணன் தலைமுழுகினார். பதினாறாம் நாள் காரியத்துக்குக் கப்பலே போதும் என்று முடிவு செய்து, ‘புறப்படுகிறேன்’ என்று மட்டும் மாமாவுக்குத் தந்தி கொடுத்துவிட்டு, போர்ட் சுவெட்டன்ஹமில் கப்பல் ஏறினார்.

கப்பல் பினாங்கைவிட்டுக் கிளம்பிய மறுநாள் இரண்டாவது தந்தி வந்தது. ‘தாயார் இன்று காலை காலமானார்.’

தேதியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். தபால் அலுவலகத்தின் பிழையாக இருக்கக்கூடாதா என்று பார்த்தேன். இல்லை. மாமா உள்ளதை உள்ளபடியே எழுதுகிறவர் என்பது எங்களுக்குத் தெரியாமல் போயிற்று.

கப்பலுக்கும் செய்தி அனுப்பலாம் என்றார்கள். நான் அனுப்பவில்லை. அம்மாவுக்காக ஏற்கெனவே தலைமுழுகிவிட்டவருக்கு என்னவென்று எழுதுவது?

காரியம் முடித்துத் திரும்பிய அண்ணன் அதைப் பற்றி ஒரே ஒருமுறைதான் பேசினார். சோற்றைப் பிசைந்தபடி, என்னைப் பார்க்காமல்.

“நான் பிளேன்லதான் வருவேன்னு மாமா நெனச்சிட்டாரு. அம்மாகிட்டயும் அப்படியே சொல்லிட்டாரு. தெனமும் காலையில தலைய வாரிவிடச் சொன்னாங்களாம்.”

நான் குழம்பு ஊற்றினேன். அண்ணன் அதில் கை வைக்கவில்லை.

“பிளேன் வர எவ்வளவு நேரமாகும்னு மாமாவ கேட்டுக்கிட்டே இருந்தாங்களாம். அவருக்குத் தெரியலையாம்.”