சிவந்த கன்னங்கள்

இருங்காட்டுக்கோட்டையில் என் வாடகை அறைக்குக் கீழே வீட்டுக்கார அக்கா குடியிருக்கிறார். எப்போதும் என் மடியிலேயே கிடக்கும் அவர் மகளுக்கு ஒருநாள் இரண்டு கன்னங்களும் அறை வாங்கியதுபோலச் சிவந்திருந்தன.

"பச்சப்புள்ளய இப்படியாக்கா அடிப்பீங்க?" என்று சண்டைக்கே போய்விட்டேன். அவர் மறுத்தும் நான் நம்பவில்லை.

சில வாரங்களில் என் விரல் மூட்டுகள் வீங்கின. வேலை பார்க்கும் கம்பெனியில், அசெம்பிளி லைனில் ஸ்க்ரூகூடப் பிடிக்க முடியவில்லை. முடக்குவாதம், வேலை போச்சு என்று அழுதேன்.

ரத்தப் பரிசோதனை பார்த்த டாக்டர், "பார்வோ வைரஸ்மா. கொழந்தைங்களுக்குக் கன்னம் செவக்கும், பெரியவங்களுக்கு மூட்டு வீங்கும். தானா சரியாயிடும்" என்றார்.

போன உயிர் திரும்பியது. கூடவே அந்தக் கன்னங்களும் நினைவுக்கு வந்தன.

அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"அப்பாடா! எங்க வூட்டுக்காரரே என்னை சந்தேகமா பாத்துகினு இருந்தாரு" என்று சிரித்தவர், என் விரல்களுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார். பிள்ளையை அடித்ததாக நான் சொன்ன அதே கைகளால்.